மெட்ஃபார்மின் குடல்ல சர்க்கரையைத் தடுக்குதா, இழுக்குதா?

நீங்க கேட்டிருக்கறதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல ஒருதடவை சொல்லிடறேன். அம்மாவுக்கு 61 வயசு, சுகருக்காகப் பல வருஷமா மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கறாங்க, மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு ஃபாலோ அப்புக்கு எடுத்த பெட் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ல பெருங்குடல் முழுக்க எஃப்டிஜி அப்டேக், அதாவது ஸ்கேனுக்காக ஊசியில போடற சர்க்கரை மாதிரி பொருளை இழுத்துக்கறது, அதிகமா இருக்கு, மெட்ஃபார்மினால இருக்கலாம்னு ஒரு வரி வந்திருக்கு. ஆனா மெடிக்கல் ஷாப்ல இருக்கறவர் இந்த மாத்திரை குடல்ல சர்க்கரையை உறிஞ்ச விடாம தடுக்கும்னு சொல்லியிருக்கார். ஒருத்தர் தடுக்குதுங்கறார், ரிப்போர்ட் இழுக்குதுங்குது, ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும், குடல்ல சர்க்கரை சேர்ந்தா கேன்சருக்குத் தீனி ஆகாதா, மாத்திரையை நிறுத்திடலாமா, இல்ல மாத்திரை போட்டுட்டா கொஞ்சம் ஸ்வீட் சாப்பிடலாமா, இவ்வளவும் கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கற கேள்வி ஒண்ணுதான், சர்க்கரை எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கத்துக்குப் போகுதுங்கறது. நான் ரொம்ப வருஷமா சுகர் பேஷன்ட்ஸ் பாக்கற டாக்டர், ஸ்கேன் படிக்கறது என் துறை இல்ல, அம்மாவோட படத்தையும் நான் பாக்கல, அதனால மருந்து குடல்ல என்ன பண்ணுதுங்கறதை மட்டும் விவரமா சொல்றேன்.

சிறுகுடலோட உள்சுவர்ல வரிசையா இருக்கற செல்லுக்கு ரெண்டு பக்கம் உண்டு, ஒரு வீட்டுக்கு முன்வாசல் பின்வாசல் இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க. முன்வாசல் குடலோட உள்பக்கத்தைப் பாத்து இருக்கு, நாம சாப்பிட்ட சோறும் இட்லியும் செரிச்சு குளுக்கோஸா அந்தப் பக்கம்தான் வந்து நிக்கும். பின்வாசல் ரத்தக்குழாய் பக்கம். முன்வாசல்ல எஸ்ஜிஎல்டி1னு ஒரு புரதம் இருக்கு, அது குளுக்கோஸைத் தனியா இழுக்காது, சோடியத்தோட சேத்துதான் இழுக்கும், வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ்ல உப்பும் குளுக்கோஸும் சேத்து கொடுக்கறதே இதனாலதான். உள்ள வந்த குளுக்கோஸ் பின்வாசல்ல குளூட்2ங்கற இன்னொரு புரதம் வழியா வெளிய போய் போர்ட்டல் வெயின்ங்கற ரத்தக்குழாய்ல கலந்து நேரா கல்லீரலுக்குப் போகுது. சாப்பாட்டுச் சர்க்கரை உடம்புக்குள்ள வர்ற வழி இவ்வளவுதான். ஆனா இந்த செல்லும் உசிரோட இருக்கணும் இல்லையா, அதுக்கும் எரிபொருள் வேணும், ராத்திரி பூரா சாப்பிடாம இருக்கறப்ப முன்வாசல்ல ஒண்ணும் வராது, அப்ப குளூட்டமின் மாதிரி மத்த எரிபொருளோட சேத்து ரத்தத்துல ஓடற குளுக்கோஸையும் பின்வாசல் வழியா எடுத்துக்கும். பெருங்குடல் செல்லும் இப்படித்தான் ரத்தத்துல இருந்து எடுக்கும், சாப்பாட்டு குளுக்கோஸை உறிஞ்சற வேலை பெருங்குடலுக்குக் கிடையாது, அது சிறுகுடலோட முடிஞ்சிடும்.

இப்ப ஸ்கேன் அன்னிக்கு நடந்ததை யோசிச்சுப் பாருங்க. அம்மாவை வெறும் வயித்துல வரச் சொல்லி, கை நரம்புல எஃப்டிஜி ஊசி போட்டு, ஒரு மணி நேரம் போல அசையாம படுக்க வெச்சு, அப்புறம்தான் மிஷினுக்குள்ள அனுப்பியிருப்பாங்க. எஃப்டிஜிங்கறது குளுக்கோஸ் மாதிரியே இருக்கற ஒரு பொருள், ரெண்டாவது கார்பன்ல இருக்கற ஹைட்ராக்சிலுக்குப் பதிலா கதிர்வீச்சு வெளிவிடற ஃப்ளோரின்-18 இருக்கும். செல்லுக்குள்ள போனதும் அதுல ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கும், அதுக்கு மேல எரியவும் முடியாம வெளிய வரவும் முடியாம அங்கயே தங்கிடும், அந்தத் தங்கலைத்தான் கேமரா படம் பிடிக்குது. கவனிக்க வேண்டியது என்னன்னா எஃப்டிஜி போனது நரம்பு வழியா, வயிறு காலி, அப்ப குடல் பிரகாசமா தெரியுதுன்னா அது பின்வாசல் வழியா ரத்தத்துல இருந்து போனதுதான், சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு, அந்த ரெண்டாவது கார்பன்ல கை வெச்சதாலேயே எஸ்ஜிஎல்டி1 எஃப்டிஜியை சரியா ஏத்துக்காது, குளூட் வகைப் புரதங்கள்தான் அதைத் தூக்கிட்டுப் போகும். ஆக மெடிக்கல் ஷாப்காரர் பேசினது முன்வாசலைப் பத்தி, ரிப்போர்ட் பேசறது பின்வாசலைப் பத்தி, அதனால ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல. ரிப்போர்ட் சொல்றது சரி. கடைக்காரர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா தடுக்கும்ங்கற வார்த்தை ரொம்பப் பெருசு, அதுக்கு அப்புறம் வரேன்.

மெட்ஃபார்மின் ஏன் பின்வாசல்ல இப்படிப் பண்ணுதுன்னா, இந்த மருந்து குடல்ல தங்கற அளவு அப்படி. நாம முழுங்கற மாத்திரையில பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ரத்தத்துக்குப் போகுது, மிச்சம் குடலோடயே பயணம் பண்ணி மலத்துல போயிடும், உடம்பு இதை உடைக்கறதே இல்ல, ரத்தத்துக்குப் போனதும் மாறாம சிறுநீர்ல வெளியேறிடும். குடல் சுவர்ல இருக்கற மெட்ஃபார்மின் அளவு ரத்தத்துல இருக்கறதை விட 30ல இருந்து 300 மடங்கு வரைக்கும் இருக்கும்னு அளந்திருக்காங்க. அவ்வளவு அளவுல இருக்கறப்ப செல்லுக்குச் சக்தி உண்டாக்கித் தர்ற மைட்டோகாண்ட்ரியால காம்ப்ளெக்ஸ் 1ங்கற இடத்தை இது கொஞ்சம் மந்தமாக்குது, ஆக்சிஜனை வெச்சு சக்தி எடுக்கற வழி குறையறதால செல் குளுக்கோஸை வேகவேகமா உடைச்சு லாக்டேட்டா மாத்தி அந்த வழியில சக்தி எடுக்க ஆரம்பிக்குது. இந்த வழியில கிடைக்கற சக்தி கம்மி, அதனால அதே தேவைக்கு நிறைய குளுக்கோஸ் வேணும், அதை ரத்தத்துல இருந்து எடுக்குது. அதாவது குடலே ரத்தச் சர்க்கரையை செலவழிக்கற இடமா மாறுது. உண்டான லாக்டேட் போர்ட்டல் வெயின் வழியா கல்லீரலுக்குப் போகுது, சிறுநீரகமும் கல்லீரலும் ஒழுங்கா இருக்கறவங்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல. இதுவரைக்கும் சொன்னது ஓரளவு உறுதியான விஷயம், பெட் ஸ்கேன்ல மெட்ஃபார்மின் எடுக்கறவங்களுக்குக் குடல் பிரகாசமா தெரியறது உலகம் பூரா தினசரி பாக்கற ஒண்ணு, முக்கியமா பெருங்குடல்லயும் சிறுகுடலோட கடைசிப் பகுதியிலயும்.

இதுக்கு மேல ஒரு படி போய் ஜப்பான்ல கோபே பல்கலைக்கழகத்துல ஒரு வேலை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி அது. பெட் சிடியில குடல் சுவர் எது, உள்ள இருக்கற பொருள் எதுன்னு பிரிச்சுப் பாக்கறது கஷ்டம், அதனால அவங்க பெட்டை எம்ஆர்ஐயோட சேத்து எடுத்தாங்க. 2020ல அந்த முடிவு வந்தப்ப ஆச்சரியமா இருந்தது, மெட்ஃபார்மின் எடுக்கறவங்களுக்கு எஃப்டிஜி சுவர்ல மட்டும் இல்லாம குடலோட உள்பக்கமே, அதாவது மலம் இருக்கற இடத்துலயே, அதிகமா சேர்ந்திருந்தது. ரத்தத்துல இருந்து சுவருக்கு வந்த சர்க்கரை சுவரையும் தாண்டி குடலுக்குள்ள வெளியேறுது. நாம இத்தனை வருஷமா சர்க்கரை குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகும்னு மட்டும்தான் படிச்சிருந்தோம், இது எதிர்த்திசை. அப்புறம் 2025ல அதே குழு அளவையும் கணக்குப் போட்டாங்க, மெட்ஃபார்மின் எடுக்காதவங்களுக்கு மணிக்கு சுமார் 0.4 கிராம், எடுக்கறவங்களுக்கு சுமார் 1.65 கிராம். இதுல கவனம் வேணும், உடனே 24ஆல பெருக்கி தினம் 40 கிராம் சர்க்கரை மலத்துல போகுதுன்னு சொல்லிடக் கூடாது. அது படுத்திருக்கற கொஞ்ச நேரத்துல, வெறும் வயித்துல, எஃப்டிஜியை வெச்சுப் போட்ட கணக்கு, கலந்துக்கிட்டவங்களும் ரொம்பக் கொஞ்சம் பேர். வெளிய வர்ற குளுக்கோஸும் மலத்துல குளுக்கோஸா நிக்கறதில்ல, குடல்ல இருக்கற பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்திடுது. இந்த வெளியேற்றம் நடக்குதுங்கறதை நான் நம்பறேன், ஆனா சுகர் இறங்கறதுல இதோட பங்கு எவ்வளவுங்கறது இன்னும் முடிவாகாத விஷயம், இதை வெச்சு யாராவது பெருசா யூடியூப்ல பேசினா கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க.

இப்ப முன்வாசல். சாப்பாட்டு குளுக்கோஸ் உள்ள வர்றதை மெட்ஃபார்மின் குறைக்குதான்னா, வேகத்தைக் குறைக்குது. ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல சுகர் உள்ளவங்களுக்கு மூக்கு வழியா ஒரு டியூபை இறக்கி, இரைப்பையைத் தாண்டி சிறுகுடலோட ஆரம்பத்துலயே குளுக்கோஸை விட்டுப் பாத்தாங்க, இரைப்பை மெதுவா காலியாகறதால வர்ற குழப்பம் இருக்கக் கூடாதுன்னு இப்படிப் பண்ணது. மெட்ஃபார்மின் எடுத்தப்ப உறிஞ்சற வேகம் குறைஞ்சிருந்தது, கூடவே ஜிஎல்பி-1ங்கற குடல் ஹார்மோன் அதிகமா சுரந்தது, இந்த ஜிஎல்பி-1தான் இப்ப எல்லாரும் பேசற செமாக்ளூடைட் ஊசி காப்பியடிக்கற ஹார்மோன். மேல்பகுதியில உறிஞ்சாம விட்ட சர்க்கரை கீழ இறங்கிப் போகுது, கீழ்ப்பகுதியில ஜிஎல்பி-1 சுரக்கற செல் நிறைய இருக்கு, அங்க சர்க்கரை பட்டதும் அது தூண்டப்படுதுன்னு எடுத்துக்கறது நியாயமான விளக்கம். ஆனா கீழ இறங்கின சர்க்கரையும் கடைசியில உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வந்துதான் சேரும், சாப்பிட்ட கலோரி எங்கயும் போகல.

நிஜமாவே முன்வாசல் பக்கம் தடுக்கற மாத்திரைன்னா அது வோக்ளிபோஸ், அகார்போஸ். இது ரெண்டும் ஸ்டார்ச்சையும் சீனியையும் குளுக்கோஸா உடைக்கற நொதிகளைத் தடுக்குது, உடையாத மாவுச்சத்து கீழ போய் புளிச்சு கேஸ் ஆகுது, அதான் அதைப் போடறவங்களுக்கு வயிறு உப்பறது. கடைக்காரர் இதையும் அதையும் குழப்பிக்கிட்டிருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு, ஏன்னா நம்ம ஊர்ல கிளிமிப்ரைட், மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை ஏகப்பட்ட பேர் எடுக்கறாங்க. அம்மாவோட அட்டையைத் திருப்பிப் பாருங்க, அதுல வோக்ளிபோஸ்னு இருந்தா ஒரு விஷயத்தை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க, லோ சுகர் ஆச்சுன்னா சீனித் தண்ணியோ மிட்டாயோ கொடுத்தா சட்டுனு ஏறாது, சீனியை உடைக்கற நொதியே தடுக்கப்பட்டிருக்கு, மெடிக்கல்ல விக்கற குளுக்கோஸ் பவுடரைத்தான் கரைச்சுக் கொடுக்கணும். இதை எத்தனையோ பேருக்கு யாரும் சொல்றதே இல்ல, எனக்கு இது நிஜமாவே வருத்தமான விஷயம்.

ஸ்வீட் கேள்விக்கு பதில் இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், கூடாது. மெட்ஃபார்மின் ஃபாஸ்டிங் சுகரை நல்லா இறக்கும், மூணு மாச சராசரி ஹெச்பிஏ1சியை ஒண்ணுல இருந்து ஒன்றரை வரைக்கும் இறக்கும், ஆனா ரெண்டு ஜாங்கிரி உள்ள போனா அந்த ஒரு வேளை ஏத்தத்தை இது ஒண்ணும் பெருசா பண்ணாது. மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிட்டா ஒட்டாதுங்கற எண்ணத்தோட வர்றவங்களை கிளினிக்ல வாராவாரம் பாக்கறேன், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்த ரீடிங்கைக் காட்டினாதான் நம்பறாங்க.

அப்ப நாங்க எல்லாம் படிச்ச கல்லீரல் கதை என்னாச்சுன்னு கேக்கலாம், மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரை உற்பத்தி பண்றதைக் குறைக்கும்னுதானே எல்லா புக்லயும் இருக்குன்னு. அது பொய்யாகல. ஆனா அது மட்டுமே முழு விளக்கம் இல்லன்னு சந்தேகப்பட வெச்ச விஷயங்கள் சிலது இருக்கு. 1980கள்லயே மெட்ஃபார்மினை நரம்பு வழியா நேரா ரத்தத்துல ஏத்திப் பாத்தாங்க, எதிர்பார்த்த மாதிரி சுகர் உடனே இறங்கல. 2016ல, குடலோட கீழ்ப்பகுதியில போய்தான் கரையற மாதிரி செஞ்ச மெட்ஃபார்மினைக் கொடுத்துப் பாத்தாங்க, ரத்தத்துல ஏறற அளவு கணிசமா குறைஞ்சும் சுகர் நல்லாவே இறங்குச்சு. ஓசிடி1னு ஒரு புரதம்தான் மெட்ஃபார்மினைக் கல்லீரலுக்குள்ள ஏத்திவிடுது, ஸ்காட்லாந்துல பாத்தப்ப பிறவியிலயே அது சரியா வேலை செய்யாதவங்களுக்கும் ஹெச்பிஏ1சி மத்தவங்க மாதிரிதான் இறங்குச்சு, ஆனா வயித்துக் கோளாறு மட்டும் அவங்களுக்கு அதிகம். இதையெல்லாம் சேத்துப் பாக்கறப்ப குடல் ஒரு முக்கியமான வேலைக்களம்னு தைரியமா சொல்லலாம். குடலுக்கு இத்தனை சதவீதம் கல்லீரலுக்கு இத்தனை சதவீதம்னு பிரிச்சு யாராலயும் இன்னிக்கு சொல்ல முடியாது, 1957ல பாரிஸ்ல ழான் ஸ்டெர்ன் முதல்ல மனுஷங்களுக்குக் கொடுத்து எழுதின மருந்து, இத்தனை வருஷம் கழிச்சும் அது எங்க வேலை பண்ணுதுங்கற விவாதம் ஓடிக்கிட்டிருக்கு.

கேன்சருக்குத் தீனி ஆகுமான்னு பயந்திருக்கீங்க, அந்த பயம் எனக்குப் புரியுது, ஒரு தடவை அந்த நோயைப் பாத்த குடும்பத்துக்கு ரிப்போர்ட்ல ஒவ்வொரு வரியும் குத்தும். பெட் ஸ்கேன்ல பிரகாசமா தெரியறது எல்லாம் கேன்சர் கிடையாது, மூளை எப்பவும் பளிச்சுனு தெரியும், சிறுநீர்ப்பை தெரியும், பலருக்கு இதயமும் தெரியும். குடல்ல சர்க்கரை சேமிச்சு வைக்கப்படவும் இல்ல, அது செலவாகற இடம்தான் படத்துல தெரியுது. மெட்ஃபார்மினையும் மார்பகப் புற்றுநோயையும் சேத்து ஒரு பெரிய ஆய்வே நடந்திருக்கு, 3600 பேருக்கும் மேல, சுகர் இல்லாத மார்பகப் புற்றுநோய்க்காரங்களைப் பாதியா பிரிச்சு ஒரு பக்கம் மெட்ஃபார்மின் இன்னொரு பக்கம் வெத்து மாத்திரை கொடுத்து வருஷக்கணக்கா பாத்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு. நோய் திரும்ப வர்றதை அது குறைக்கவும் இல்ல, கூட்டவும் இல்ல. அதனால கேன்சர் பயத்துல இந்த மாத்திரையை நிறுத்தக் காரணம் இல்ல, கேன்சர் வராம தடுக்கும்னு சொல்றவங்களை நம்பி கூடுதலா போடவும் வேண்டாம்.

ஆனா ரிப்போர்ட்டை நீங்க ஒரு விஷயத்துக்காகத் திரும்பப் படிக்கணும். மெட்ஃபார்மினால வர்ற பிரகாசம் குடலோட நீளத்துக்கும் பரவலா, தொடர்ச்சியா இருக்கும். அதுக்குப் பதிலா ஒரே இடத்துல மட்டும் புள்ளி மாதிரி தனியா எரிஞ்சுதுன்னா அதை மெட்ஃபார்மின்னு தள்ளிவிடக் கூடாது, பெரும்பாலும் கொலனோஸ்கோப்பி பண்ணி, அதாவது பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டு, அது பாலிப்ங்கற சின்னச் சதை வளர்ச்சியா வேற ஏதாவதான்னு பாப்பாங்க. பரவலான பிரகாசத்துல இருக்கற உண்மையான சிக்கலும் இதுதான், அந்த வெளிச்சத்துக்குள்ள ஒரு சின்ன கட்டி இருந்தா மறைஞ்சு போகலாம். அதுக்காகத்தான் வயித்துப் பகுதியை முக்கியமா பாக்கணும்னா 48 மணி நேரம் முன்னாடி மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்றாங்க, அந்த மாத்திரை ஆபத்துங்கறதால இல்ல. அடுத்த ஸ்கேனுக்கு முன்னாடி சென்டர்லயும் சுகர் டாக்டர்கிட்டயும் கேட்டு நிறுத்துங்க, நீங்களா நிறுத்தினா அன்னிக்கு சுகர் 200க்கு மேல போய் ஸ்கேனையே தள்ளி வைக்க வேண்டி வரும், முடிஞ்சதும் எப்ப மறுபடி ஆரம்பிக்கணும்னும் அப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஸ்கேனோட படம் தெளிவா தெரியறதுக்கான கான்ட்ராஸ்ட் ஊசியும் போட்டாங்கன்னா, கிட்னி கொஞ்சம் பலவீனமா இருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் பாத்துட்டுத்தான் தொடரணும், கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டற இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ போனவங்களுக்கு மெட்ஃபார்மினே கூடாது.

குடலைப் பத்தி பேசறதால இன்னும் ரெண்டு விஷயம். இவ்வளவு மருந்து குடல்ல தங்கறதாலதான் ஆரம்பத்துல பேதி, வயித்துல பொருமல் எல்லாம் வருது, கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு சாப்பாட்டோட போட்டா பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல சரியாகிடும், இல்லன்னா மெதுவா மருந்தை விடற எஸ்ஆர் மாத்திரைக்கு மாத்துவோம். எஸ்ஆர் எடுக்கறவங்க சில பேர் மலத்துல முழு மாத்திரை அப்படியே வந்துடுச்சுன்னு காகிதத்துல மடிச்சு எடுத்துட்டு வந்து காட்டுவாங்க, அழுத்திப் பாத்தா ஊறின ஜவ்வரிசி மாதிரி கொழகொழன்னு இருக்கும், அது வெறும் கூடுதான், மருந்து எப்பவோ கசிஞ்சு உள்ள போயிடுச்சு, திரும்ப ஒண்ணு போடக் கூடாது. இன்னொண்ணு பி12. சிறுகுடலோட கடைசிப் பகுதியில பி12 உள்ள போறதுக்கு கால்சியம் வேணும், மெட்ஃபார்மின் அங்க குறுக்க வர்றதால வருஷக்கணக்கா எடுக்கறவங்களுக்கு பி12 குறையுது, காய்கறி மட்டும் சாப்பிடறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். பாதம் எரியுது மதமதங்குதுன்னா எல்லாரும் சுகர் நரம்புன்னு சொல்லிடறாங்க, பல சமயம் அதுல பி12க்கும் பங்கு இருக்கு, கேன்சர் சிகிச்சைக்குக் கொடுத்த சில மருந்துகளாலயும் இதே எரிச்சல் வரும். அம்மாவுக்கு பாதத்துல அப்படி ஏதாவது இருக்கா, கடைசியா எப்ப பி12 பாத்தீங்க, அட்டையில வோக்ளிபோஸ் இருக்கா, ரிப்போர்ட்ல பரவலான்னு போட்டிருக்கா ஒரே இடம்னு போட்டிருக்கா, இந்த நாலையும் பாத்து வெச்சுக்கிட்டு அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட கேளுங்க, இங்க எழுதினாலும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.